இன்சுலின் நேரத்தில் முகம் திருப்பும் பூனை

சர்க்கரை நோய் வந்த பூனை நிறையச் சாப்பிடும். தண்ணீரும் நிறையக் குடிக்கும். லிட்டர் பெட்டி சீக்கிரம் நனைந்து கனக்கும். இத்தனை தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துக்கொண்டே போகும். கால்நடை டாக்டர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பதே பெரும்பாலும் இந்த அடையாளங்களை வைத்துத்தான். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏராளமாக இருக்கிறது. இன்சுலின் போதாததால் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. உள்ளே பட்டினி, அதனால் ஓயாத பசி. ஆகவே இந்த நோயுள்ள பூனை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், அதை அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். பசிக்க வேண்டிய உடம்புக்கு ஏன் பசிக்கவில்லை?

மறுப்பில் இரண்டு வகை உண்டு. டாக்டர் சொன்னார் என்று வாங்கி வந்த புது உணவை ஒரு பூனை தொடவே மாட்டேன் என்கிறது; பழைய டிரை ஃபுட் டப்பாவைக் குலுக்கினால் ஓடி வருகிறது. அதற்குப் பசி இருக்கிறது, பிடித்தது வேறாக இருக்கிறது. இன்னொரு பூனை நேற்று வரை ஆசையாகத் தின்ற அதே உணவை இன்று மோந்துகூடப் பார்க்கவில்லை. அல்லது கிண்ணம் வரை வந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கிவிட்டு விலகிப் போகிறது. அதற்குக் குமட்டுகிறது. முதல் பூனைக்குப் பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் இருக்கிறது. இரண்டாவதற்கு நேரமே இல்லை. பாசத்தோடு வளர்ப்பவர்கள்கூடத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். இரண்டாவது பூனைக்கு நாலு விதமான டின்னைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பார்கள். சர்க்கரை நோயுள்ள எந்தப் பூனைக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் அது சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் சரியானதைச் சாப்பிட வேண்டும்.

பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நோயை ஒத்தது. நடு வயதைக் கடந்த, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டுக்குள்ளேயே வளரும், எடை கூடிய ஆண் பூனைகளிடம் அதிகம் காணப்படுகிறது. அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ கொடுத்த ஸ்டீராய்டும் நோயைத் தூண்டிவிடலாம். மனிதர்களோடு உள்ள இந்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களே அமைலின் என்ற இன்னொரு ஹார்மோனையும் கூடவே சுரக்கின்றன. மனிதரிடமும் பூனையிடமும் இந்த அமைலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகிச் சுற்றிலும் படிந்துவிடும். படிய ஆரம்பித்தால் பீட்டா செல்கள் நலிகின்றன. எலியின் அமைலினில் சில அமினோ அமிலங்கள் மாறி அமைந்திருப்பதால் அது அப்படி இழையாவதில்லை. 1987இல் பெர் வெஸ்டர்மார்க்கும் அவருடைய குழுவினரும் இந்தப் புரதத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்கள் இரண்டு: மனிதக் கணையத்தில் வளர்ந்த ஓர் இன்சுலின் கட்டி, சர்க்கரை நோயுள்ள பூனையின் கணையம். நம் நோயை நாம் புரிந்துகொண்டதில் பூனைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதன் நோயை நாம் அக்கறையோடு கவனிப்பதற்கு இதையும் ஒரு காரணமாக நான் நினைப்பதுண்டு.

மனிதருக்கும் பூனைக்கும் வேறுபாடு தொடங்குவது சாப்பாட்டில். பூனை இறைச்சியை மட்டுமே நம்பி உருவான விலங்கு. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் இல்லை. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை வாங்கிச் சேமிக்க நம் கல்லீரலில் குளுக்கோகைனேஸ் என்ற நொதி உண்டு. பூனையின் கல்லீரலில் அது மிகமிகக் குறைவு. அதற்குப் பதிலாக, புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் தயாரிக்கும் வேலை அங்கே எந்நேரமும் நடந்துகொண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மோரிஸ் ஆகியோர் 1970களில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. புரதம் குறைவான உணவைக் கொடுத்தாலும் பூனையின் கல்லீரல் புரதத்தை உடைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆர்ஜினைன் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் இல்லாத உணவை ஒரு வேளை தின்றதுமே, சில மணி நேரத்துக்குள் பூனைகளின் ரத்தத்தில் அமோனியா ஏறி நஞ்சானது. சிக்கனமாக ஓடத் தெரியாத உடம்பு அது. பட்டினி ஏன் பூனைக்கு இவ்வளவு ஆபத்து என்பதற்கான விளக்கத்தில் பாதி இங்கே இருக்கிறது.

காட்டிலும் வயலிலும் தானே வேட்டையாடித் தின்னும் பூனைகள் என்ன சாப்பிடுகின்றன என்பதைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 52 சதவீதம் புரதத்திலிருந்து, 46 சதவீதம் கொழுப்பிலிருந்து, வெறும் 2 சதவீதம் மாவுச்சத்திலிருந்து. அதே ஆண்டில் ஏட்ரியன் ஹியூசன்-ஹியூஸ் என்பவரின் குழு, வீட்டுப் பூனைகளுக்குப் பலவகை உணவுகளைக் கொடுத்து, விருப்பம்போல் கலந்து சாப்பிட விட்டது. பூனைகள் தாமாகவே புரதம் 52, கொழுப்பு 36, மாவுச்சத்து 12 என்ற விகிதத்தில் வந்து நின்றன. மாவுச்சத்து மிகுந்த உணவை மட்டுமே வைத்தபோது, ஓர் அளவுக்கு மேல் அவை சாப்பிட மறுத்துவிட்டன. புரதத் தேவை பூர்த்தியாகாதபோதும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. தட்டில் மிச்சம் வைக்கும் பூனை நம்மை எதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது.

சர்க்கரை நோயில் இந்த விகிதம் வாழ்க்கையையே மாற்றக்கூடியது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 63 பூனைகளை 16 வாரம் கவனித்தார்கள். மாவுச்சத்து குறைந்த டின் உணவைச் சாப்பிட்டவற்றில் 68 சதவீதத்துக்கு இன்சுலினை நிறுத்த முடிந்தது. மாவுச்சத்து நடுத்தரமாகவும் நார்ச்சத்து அதிகமாகவும் உள்ள உணவைச் சாப்பிட்டவற்றில் 41 சதவீதத்துக்கு மட்டுமே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ராண்ட், கர்ஸ்டன் ரூம்புடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. குறைந்த மாவுச்சத்து, கிளார்ஜின் இன்சுலின், வீட்டிலேயே அடிக்கடி ரத்தச் சர்க்கரை பார்த்து அளவைச் சரிசெய்வது ஆகிய மூன்றையும் நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கிய பூனைகளில் 84 சதவீதம் இன்சுலின் தேவைப்படாத நிலைக்குத் திரும்பின. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவற்றில் அது 35 சதவீதம்.  டாக்டர் டிரை ஃபுட்டை நிறுத்தி ஈர உணவுக்கு மாற்றச் சொல்வது இதனால்தான். டிரை ஃபுட் உருண்டை உருண்டையாக வடிவம் பிடிக்க மாவுச்சத்து வேண்டும். டின் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பாக்கெட்டில் மாவுச்சத்தின் அளவை அச்சிடுவது அபூர்வம். புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல் ஆகியவற்றின் சதவீதங்களைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் கிட்டத்தட்ட மாவுச்சத்து கிடைத்துவிடும். பௌச்சில் வரும் கிரேவி வகைகளில் குழம்பு கெட்டிப்பட மாவு சேர்ப்பதுண்டு. மசித்த வடிவில் வரும் வகைகளில் பொதுவாக அது குறைவு. வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, வாங்கியாயிற்று. பூனை திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்?

பூனையின் நாக்கில் இனிப்பு இல்லை. 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஸியா லி, ஜோசப் பிராண்ட் உள்ளிட்டவர்கள் அதன் காரணத்தைக் கண்டார்கள். இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு பாகங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றைக் கட்டமைக்கும் மரபணுவில் 247 எழுத்துகள் தொலைந்துபோயிருந்தன. அந்த மரபணு செயலிழந்து கிடந்தது. புலியிடமும் சிவிங்கிப்புலியிடமும் அதே கதை. ஆனால் இறைச்சியின் சுவையை உணரும் ஏற்பி பூனையிடம் துல்லியமாக வேலை செய்கிறது. இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிலையத்தில் ஸ்காட் மெக்ரேன் குழு 2023இல் காட்டியபடி, இறைச்சியிலுள்ள நியூக்ளியோடைடுகளும் சில அமினோ அமிலங்களும் சேரும்போது அந்த ஏற்பி தீவிரமாகத் தூண்டப்படுகிறது. ஹிஸ்டிடைன் என்ற அமினோ அமிலமும் இனோசின் மோனோபாஸ்பேட்டும் சேர்ந்த கலவையைப் பூனைகள் விரும்பிக் குடித்தன. சூரை மீனில் இரண்டுமே நிறைய. சூரை மீன் தண்ணீருக்குப் பூனை மயங்குவதன் வேதியியல் இதுதான். கசப்பையும் பூனை நன்றாகவே உணரும். மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் மறைத்தால் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

நாக்குக்கு முன்னால் மூக்கு. பூனை உணவைத் தேர்ந்தெடுப்பது முதலில் வாசனையை வைத்துத்தான். சளி பிடித்து மூக்கடைத்த பூனை பட்டினி கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்த உணவில் வாசனை எழுவதில்லை. ஏழு வயதைக் கடந்த பூனைகளுக்கு ஒரே உணவை 6, 21, 37 டிகிரி என்று மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவை அதிகம் விரும்பியது 37 டிகிரியில் இருந்ததை. வேட்டையாடிய உடனே தின்னும் இரையின் உடல் சூடு கிட்டத்தட்ட அதுதான். சூடுபடுத்துவது செலவில்லாத உபாயம், பலன் தரும் உபாயமும்கூட. கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்தாலே போதும். மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகக் கிளறி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். ஓரிடம் கொதித்து இன்னோரிடம் குளிர்ந்திருக்கும்.

பழக்கத்தின் பலத்தை விளக்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வான்டா விர்விக்கா என்ற ஆய்வாளர் 1970களில் தாய்ப் பூனைகளை வாழைப்பழமும் மசித்த உருளைக்கிழங்கும் தின்னும்படி பழக்கினார். மூளையின் குறிப்பிட்ட பகுதியை மின்துடிப்பால் தூண்டி அதைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கிய பழக்கம் அது. பிறகு குட்டிகளோடு சேர்த்துச் சாப்பிட விட்டார். பக்கத்திலேயே இறைச்சி உருண்டை இருந்தும் குட்டிகள் தாயைப் பார்த்து வாழைப்பழத்தைத் தின்றன. தாய் இல்லாதபோதும் அதையே தேடின. இனிப்பே தெரியாத ஒரு விலங்கு வாழைப்பழத்தை உணவாக நம்பியது. குட்டிப் பருவத்தில் எது சாப்பாடு என்று கற்றுக்கொண்டதோ அதுவே அதற்குச் சாப்பாடு. பத்து வருடமாக மொறுமொறுப்பான உருண்டைகளை மட்டும் தின்ற பூனை முன்னால் மென்மையான ஒரு விழுதை வைத்தால், அது சுவையைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே, இது சாப்பிடும் பொருளா என்ற கேள்வியில் நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியிலோ, உடம்பு சரியில்லாத நேரத்திலோ புது உணவை அறிமுகப்படுத்துவது அதைவிட மோசம். குமட்டலோடு இருக்கும்போது தின்றதைப் பூனை நோயோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். குணமான பிறகும் அந்த உணவைத் தொடாது. சிகிச்சை உணவு கடைசி வரை வேண்டும் என்றால், பூனை தெம்பாக இருக்கும் நாளில் வீட்டில் அறிமுகப்படுத்துவதே நல்லது.

மாற்றத்தை மெதுவாகச் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு மெதுவாக என்பதைப் பூனைதான் தீர்மானிக்கும். முதல் வேலை, நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் டிரை ஃபுட் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே உணவை வேளை வேளையாக வைப்பது. அளவைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும். வேளைக்குப் பசிக்கப் பழகிய பூனையிடம்தான் புதியதை நீட்ட முடியும். அடுத்து, பழைய உணவின் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் ஈர உணவு, தின்னாவிட்டாலும் சரி. அதன் வாசனை சாப்பாட்டு நேரத்தோடு சேரட்டும். பிறகு டிரை ஃபுட்டைப் பொடித்து ஈர உணவின் மேல் தூவலாம். அந்த உருண்டைகளின் மேல் உற்பத்தியாளர்கள் பூசியிருக்கும் ஈரல் சாறு போன்ற பொருள்களின் வாசனைதான் பூனைக்குப் பழக்கமானது, அதைக் கடன் வாங்குகிறோம். தூவும் அளவு வாரக்கணக்கில் குறையும். சில பூனைகளுக்கு மாதங்கள் ஆகும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது இந்த முயற்சியின் கண்.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பூனை மாறச் சம்மதித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்சுலின் அளவை மறந்துவிடக்கூடாது. பழைய டிரை ஃபுட்டுக்காக நிர்ணயித்த இன்சுலின், மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மிகையாகிவிடும். சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். உணவு மாற்றத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி, மாற்றம் நடக்கும் வாரங்களில் காதோரத்தில் ஒரு துளி ரத்தமெடுத்து வீட்டிலேயே அடிக்கடி அளந்து, அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

நம் சமையலறைகளில் பூனைக்குக் கிடைப்பது வேறு. பாலும் சோறும், மீன் குழம்பில் பிசைந்த சோறும், வாலும் தலையும். அன்போடு வைப்பதுதான். ஆனால் சோறு மாவுச்சத்து. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. எல்லாவற்றையும்விட ஆபத்து சின்ன வெங்காயமும் பூண்டும். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்கும். சிதைவின் அடையாளமாகச் சிவப்பணுக்களில் தெரியும் ஹைன்ஸ் திட்டுகள், கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறிய சர்க்கரைப் பூனைகளிடம் ஏற்கெனவே அதிகம் இருப்பதாக 1995இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவுமில்லாமல் வேக வைத்த கோழியின் தண்ணீர், மீன் வேக வைத்த தண்ணீர், பொடியாகப் பிய்த்த கோழித் துண்டு ஆகியவைதான் நம் பக்கம் கிடைக்கும் நல்ல தூண்டில்கள். கடைச் சூப்புப் பொடியில் பூண்டுத் தூள் இருக்கும், வேண்டாம். வெறும் கோழியையே நாளெல்லாம் கொடுத்துப் பூனையை வளர்க்கவும் முடியாது. கால்சியமும் டாரின் என்ற சத்தும் சரியான அளவில் கிடைக்காது. 1987இல் டேவிஸில் பால் பியான், டாரின் குறைபாட்டால் பூனைகளின் இதயம் தளர்ந்து விரிவதைக் கண்டுபிடித்த பிறகே கடை உணவுகளில் அதன் அளவை உயர்த்தினார்கள்.

சாப்பிடும் இடமும் முக்கியம். லிட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ, வாஷிங் மெஷின் அதிரும் மூலையிலோ, இன்னொரு பூனை முறைத்துக்கொண்டிருக்கும் இடத்திலோ வைத்தால் நல்ல உணவும் வீண். பூனை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும் விலங்கு. சுண்டெலி ஒன்றில் ஏறக்குறைய 30 கலோரிதான். ஒரு நாளை ஓட்ட அதற்குப் பல வேட்டைகள் வேண்டும். அதனால் இரண்டு பெரிய வேளைகளைவிடச் சிறுசிறு வேளைகள் அதன் இயல்புக்கு ஒத்துப்போகின்றன. மீசை உராயாத அகலத் தட்டு வேண்டும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. 2021இல் அதைச் சோதித்தபோது சாப்பிட்ட அளவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அகலத் தட்டால் கெடுதல் ஒன்றுமில்லை; உங்கள் பூனைக்குப் பிடித்தால் வைக்கலாம். வாயைத் திறந்து சிரிஞ்சால் ஊட்டுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம் ஒரு பக்கம், அந்த உணவையே வெறுத்துவிடும் அபாயம் மறுபக்கம்.

இனி அந்த இரண்டாவது பூனை, அதாவது திடீரென்று நிறுத்திய பூனை. மணி ஏழு, இன்சுலின் நேரம், பூனை எதையும் தொடவில்லை. ஊசி போடுவதா வேண்டாமா? முழு அளவைப் போட்டு, பூனை எதுவும் தின்னாமல் போனால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. அடியோடு நிறுத்தினால் கீட்டோன் ஏறலாம். சில டாக்டர்கள் பாதி அளவு போடச் சொல்வார்கள். சிலர் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வார்கள். இன்சுலினின் வகையைப் பொறுத்தும் பூனையின் வரலாற்றைப் பொறுத்தும் பதில் மாறும். அதனால் இந்தக் கேள்வியை நெருக்கடி வரும் நாளில் கேட்காமல், முதல் ஊசி எழுதித் தரும் நாளிலேயே கேட்டு, எண்களோடு எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பதுதான் சரி. சிரிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை: நம் கடைகளில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை உண்டு. 100 யூனிட் இன்சுலினை 40க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

சர்க்கரை தாழ்ந்த பூனை தள்ளாடும், பின்னங்கால் துவளும், வெறித்துப் பார்க்கும், வலிப்பு வரலாம். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

திடீர் மறுப்புக்குப் பின்னால் என்னென்ன இருக்கலாம்? கீட்டோன் ஏறியிருக்கலாம், கணைய அழற்சியாக இருக்கலாம். சர்க்கரைப் பூனைகளிடம் இரண்டுமே அடிக்கடி வருபவை. சிறுநீர்த் தொற்று, பல் வலி, சிறுநீரகக் கோளாறு என்றும் இருக்கலாம். வாந்தி, சோர்வு, வாயில் ஒரு வினோத வாடை இவற்றோடு சாப்பாடும் நின்றால், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. புதிய வகை மருந்து சாப்பிடும் பூனைகளுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையை 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் திரவத்தை 2023 ஆகஸ்டிலும் அமெரிக்க அரசின் மருந்துத் துறை பூனைகளுக்கு அனுமதித்தது. இவை அதிகப்படி குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன, ஊசி தேவையில்லை. ஆனால் சாப்பிடாத பூனைக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது. இந்த மருந்து சாப்பிடும் பூனைக்குக் கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும்போதும் ரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டலாம். மீட்டரை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிட வாய்ப்பிருக்கிறது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் பட்டினியே ஒரு நோயாகிவிடும். சாப்பிடாத பூனையின் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் அதை அப்புறப்படுத்த முடியாமல் செல்களுக்குள் தேக்கி வைத்துக்கொள்கிறது. கொழுத்த பூனைக்கு இது இன்னும் வேகம். சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே போதும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். பசித்தால் தானாக வரும் என்ற நம்பிக்கை நாய்க்குச் சில சமயம் பலிக்கலாம். பூனையிடம், அதிலும் சர்க்கரை நோயுள்ள பூனையிடம், ஒரு முழு நாளைக்கு மேல் அந்த நம்பிக்கையை வைத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் மாவுச்சத்துக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய டிரை ஃபுட்டோ எதுவோ, அது தின்பதைக் கொடுப்பதே நல்ல மருத்துவம்.

குமட்டலை அடக்க மாரோபிடன்ட், ஒண்டான்செட்ரான் போன்றவை இருக்கின்றன. பல நேரங்களில் அதுவே போதும், பசி திரும்பிவிடும். பசியைத் தூண்ட மிர்டாசபைன் இருக்கிறது. காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்கு அது பெரிய உதவி. கேப்ரோமோரெலின் என்ற இன்னொன்று வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுவது; ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் இந்த நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. ஒரு காலத்தில் பசிக்காக வாய்வழியே கொடுத்த டயசெபாம், சில பூனைகளின் கல்லீரலைச் சில நாட்களில் அழித்துவிட்டதால் கைவிடப்பட்டது. வீட்டில் கிடக்கும் மனித மருந்து எதையும் பூனைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

எதுவும் பலிக்காதபோது கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு உணவுக்குழாயில் ஒரு மெல்லிய டியூபைப் பொருத்துவார்கள். கேட்டதும் மனம் பதறும். கடைசிக் கட்டம் என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் அதிகம்; தள்ளிப்போட்ட நாட்களில்தான் கல்லீரல் கெடுகிறது. உண்மையில் அது சிறிய மயக்க மருந்தில் கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை. வீட்டிலேயே வளர்ப்பவர் கையால் உணவும் மருந்தும் கொடுக்கலாம், வாயைப் பிடித்துப் போராட வேண்டியதில்லை. நாக்கையும் மூக்கையும் தாண்டிப் போவதால், இத்தனை நாள் வெறுத்த குறை மாவுச்சத்து உணவையே கரைத்துச் செலுத்தலாம். எத்தனை கலோரி உள்ளே போனது என்று தெரிவதால் இன்சுலின் அளவையும் தைரியமாக முடிவு செய்யலாம். டியூப் இருக்கும்போதே பூனை வாயாலும் சாப்பிடலாம். அதனால் ஒவ்வொரு வேளையும் முதலில் கிண்ணத்தை வெதுவெதுப்பாக அதன் முன்னால் வைத்துவிட்டு, அது விட்ட பங்கை மட்டும் டியூபில் கொடுக்கச் சொல்வார்கள். கிண்ணத்திலிருந்தே அன்றாடத் தேவை முழுவதையும் தின்று எடையும் நிலைத்த பிறகுதான் டியூபை எடுப்பார்கள்.